நேரா ஆற்றுப் பள்ளத்தாக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில், நேரா ஆறு ஓடும் வால்நெரீனா பள்ளத்தாக்கைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

அக்கா, ரோமிலிருந்து காலையில் கிளம்பி மார்மோரே அருவியைப் பார்த்துவிட்டு இரவே திரும்பிவிடலாமா?

திரும்பலாம். தெர்னி வரை ரயில், அங்கிருந்து பஸ். ஆனால் அருவி இருப்பது பள்ளத்தாக்கின் வாசலில். ஊர்கள் எல்லாம் அதைத் தாண்டித்தான். இரண்டு இரவாவது உள்ளே தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகு அந்தக் கல் தெருக்களில் நடப்பதற்காகவே தங்கலாம்.

போன தடவை நாங்கள் போனபோது அருவியில் தண்ணீரே இல்லை. வறட்சியா?

வறட்சி இல்லை, நேரம் தவறிப் போயிருக்கிறீர்கள். அது மனிதர் உண்டாக்கிய அருவி. ரியேத்தி சமவெளியில் தேங்கிக் கிடந்த தண்ணீரை வடிக்க, கி.மு. 271-இல் ரோமானியர்கள் வேலினோ ஆற்றுக்குக் கால்வாய் வெட்டி, நேராவுக்கு மேலே உள்ள பாறை விளிம்பிலிருந்து விழவைத்தார்கள். மூன்று தட்டாக 165 மீட்டர். இன்று அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி மின்சாரம் எடுக்கப் போகிறது. குறித்த நேரத்தில்தான் அருவிக்குத் திறந்துவிடுவார்கள். நேரம் பருவத்துக்கு ஏற்ப மாறும். முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, திறப்பதற்குக் கொஞ்சம் முன்பே கீழ்த்தளத்தில் போய் நில்லுங்கள். சைரன் ஊதும். பாறையில் மெல்லிசாக வழிந்துகொண்டிருந்த நீர் பருத்துப் பெருகி, பேச்சே கேட்காத இரைச்சலாகிவிடும். சாரல் நன்றாக நனைக்கும், மழைக்கோட்டு வேண்டும்.

ஒரே ஒரு ஊர்தான் பார்க்க முடியும் என்றால் எது?

வால்லோ தி நேரா. மதிலுக்குள் அடங்கிய சின்ன மலையூர். அங்குள்ள சாந்தா மரியா தேவாலயத்தில் 1401-இல் வரைந்த ஒரு சுவரோவியம் இருக்கிறது: தலையோடு மூடிய வெள்ளை அங்கி அணிந்த பக்தர்கள் ஊர்வலம் போகிறார்கள். அந்தக் காலத்தில் இத்தாலியில் ஊர் ஊராக நடந்த 'பியாங்கி' என்ற சமாதான ஊர்வலம் அது. பெரிய அரண்மனைகளில் இருப்பது அரசர்களும் பிஷப்புகளும். இங்கே சுவரில் இருப்பது நடந்து வந்த சாதாரண சனங்கள். எனக்கு அதனால்தான் இவ்வளவு பிடிக்கும்.

கலையில் ஆர்வம் இருந்தால் ஃபெரென்தில்லோ அருகே சான் பியேத்ரோ இன் வால்லே மடத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே 8-ஆம் நூற்றாண்டுப் பலிபீடக் கல்லில் சிற்பி ஊர்சுஸ் தன் பெயரையே செதுக்கி வைத்திருக்கிறார்.

நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பன்றி இறைச்சிக்குப் பேர்போன பகுதிதான், ஆனாலும் பட்டினி கிடக்க வேண்டாம். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துப் பிசையும் 'ஸ்த்ராங்கோத்ஸி' என்ற பாஸ்தா, கருப்பு ட்ரஃபிள் காளான், காஸ்தெல்லூச்சோ என்ற மலையூரின் சின்னப் பருப்பில் செய்த சூப், எல்லாம் கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: ட்ரஃபிள் சாஸில் நெத்திலி அரைத்துச் சேர்ப்பது இங்கே வழக்கம். 'சென்சா அச்சூகே' (நெத்திலி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். சூப்பில் இறைச்சித் துண்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சைக்கிள் ஓட்ட வழி உண்டா?

அருமையான வழி. ஸ்போலேதோவையும் நோர்ச்சாவையும் இணைத்த பழைய மலை ரயில் 1968-இல் நின்றுபோனது. அந்தத் தடத்தின் பெரும்பகுதி இப்போது சைக்கிள் பாதை. சுரங்கங்களுக்குள் கும்மிருட்டு, டார்ச் கட்டாயம்.

2016 நிலநடுக்கத்துக்குப் பிறகு நோர்ச்சா போகலாமா அண்ணி? பயமாக இருக்கிறது.

போங்கம்மா. அந்த அக்டோபர் 30-ஆம் தேதி 6.5 அளவு நடுக்கத்தில் புனித பெனடிக்ட் பேராலயம் இடிந்து முகப்புச் சுவர் மட்டும் நின்றது. காஸ்தெல்லூச்சோ ஊரும் பெரும் சேதம் கண்டது. ஆனால் விவசாயிகள் பருப்பு விதைப்பதை விடவில்லை. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கத்தில் அந்த வயல்களில் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாய்ப் பூக்கிற பூக்களைப் பார்க்கத்தான் சனம் திரள்கிறது. வார நாளில் போங்கள், பூவுக்காக வயலுக்குள் இறங்கி மிதிக்காதீர்கள், பருப்பை விளைவித்தவர்களிடமே வாங்குங்கள்.

கார் எடுக்கலாமா, பஸ் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை நம்ப வேண்டாம். கார்தான் வசதி. இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.