வாசகர் கேள்வி – பதில்: நாம் சொல்லாததை உறவினர் சொல்லும்போது

கேள்வி: முகநூலில் எனக்கு ஒரு கணக்கு உண்டு. ஆனால் என் முகப் படத்தையோ படித்த பாடசாலையையோ வேலை செய்யும் இடத்தையோ அதில் நான் குறிப்பிட்டதில்லை. அப்படியிருந்தும் அண்மையில் எனக்குச் சம்பந்தம் பேசி வந்த கல்யாணத் தரகர் ஒருவர், என் பாடசாலை, அலுவலகம், அண்ணன் கட்டாரில் இருப்பது, வைகாசித் திருக்குளிர்த்திக்கு நான் உடுத்திச் சென்ற சேலையின் நிறம் வரை ஒப்புவித்தார். அம்மா சிரித்தார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவும் எப்படி வெளியே போயிற்று?
– ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: நீங்கள் போடாததை உங்களுடையவர்கள் போட்டிருக்கிறார்கள். அண்ணன் தம் பக்கத்தில் கட்டாரில் வேலை செய்வதாக எழுதியிருப்பார். மச்சாள் ஒருத்தி கோயில் படங்களை ஏற்றி உங்கள் பெயரையும் குறியிட்டிருப்பாள். கூடப் படித்தவர்கள் பத்தாண்டு நிறைவு ஒன்றுகூடலின் படத்தில் வரிசையாகப் பெயர்களை எழுதியிருப்பார்கள். அலுவலகப் பிரியாவிடைப் படம் இன்னொருவரின் பக்கத்தில் இருக்கும். இவர்களில் எவரும் உங்களுக்குக் கேடு நினைத்தவர் அல்லர். ஆனால் உங்கள் நண்பர் பட்டியல் திறந்திருந்தால், அதிலிருந்து ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்க ஒருவருக்கு அரை மணி நேரம் போதும்.

ஒருவரை அவருடைய உறவுகளைக் கொண்டு அறிவது நமது பகுதிக்குப் புதிதல்ல. “என்ன குடி?” என்று கேட்டுத் தாய்வழியைப் பிடித்துக்கொண்டால், மூன்று தலைமுறைக் கதையை வரிசைப்படுத்திச் சொல்லக்கூடிய முதியவர்கள் மட்டக்களப்பில் இன்றும் இருக்கிறார்கள். எனினும் அந்த விசாரணையில் ஒரு நியாயம் இருந்தது: கேட்பவரும் தம் குடியைச் சொல்ல வேண்டியிருந்தது, யார் யாரை விசாரித்தார் என்பது மறுநாளே விசாரிக்கப்பட்டவரின் வீட்டுக்குத் தெரிந்துவிடும். இப்போது பார்ப்பவர் யார், எத்தனை முறை பார்த்தார், எதற்காகப் பார்த்தார் என்பது உங்களுக்குத் தெரிவதே இல்லை. பழைய ஊர்விசாரணைதானே என்று உங்கள் அம்மா சிரித்திருக்கலாம். நான் உங்கள் பக்கம்தான்.

மனிதக் கண்ணுக்கு எட்டாத இன்னொரு தளமும் உண்டு. அமெரிக்காவின் வெர்மொண்ட், அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், டுவிட்டரில் எழுதப்பட்ட 3 கோடிக்கும் மேற்பட்ட பொதுப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். ஒருவரோடு தொடர்புடைய எட்டு, ஒன்பது பேரின் பதிவுகள் கையில் இருந்தால், அவருடைய சொந்தப் பதிவுகளைப் பார்க்காமலேயே, அவற்றைப் பார்த்துக் கணிப்பதற்கு ஈடான துல்லியத்தோடு அவர் அடுத்து எழுதக்கூடியதைக் கணித்துவிடலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் அளந்தது எழுத்திலுள்ள சொற்களைத்தான், மனத்தை அல்ல. ஆகவே உங்கள் உள்ளத்தையே படித்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் நாம் வாயை மூடிக்கொண்டிருந்தால் நம்மைப் பற்றி ஒன்றும் தெரியவராது என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

இனிச் செய்யக்கூடியவை. நண்பர் பட்டியலை ‘நான் மட்டும்’ பார்க்கும்படி மாற்றுங்கள். அதே மாற்றத்தை அண்ணனும் மச்சாளும் செய்யாவிட்டால் அவர்களின் பட்டியல் வழியாக நீங்கள் வெளியே தெரிந்தபடியேதான் இருப்பீர்கள் என்பதால், இது தனியொருவர் செய்து முடிக்கும் காரியம் அன்று. உங்களைக் குறியிட்ட பதிவுகள் உங்கள் பக்கத்தில் தோன்றுமுன் ஒப்புதல் கேட்கும் வசதியையும் இயக்குங்கள். ஆயினும் அந்தப் படம் மச்சாளின் பக்கத்தில் இருந்தபடியேதான் இருக்கும். அதை நீக்க மச்சாளிடமே கேட்க வேண்டும். தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென இலங்கையில் இயற்றப்பட்ட 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம்கூட, தனிநபர் ஒருவர் முற்றிலும் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகக் கையாளும் தரவுகளுக்குப் பொருந்தாது. “நான் இருக்கிற படத்தைப் போடுமுன் ஒரு சொல் கேளுங்கோ” என்று முகம் முறியாமல் சொல்லிவிடுவதே இங்கு வழி.

கேள்வி: இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எல்லாக் கணக்குகளையும் அழித்துவிட்டேன். இனி நான் பாதுகாப்பாக இருக்கிறேன் என்று கொள்ளலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருக்கோவில்

பதில்: பெருமளவுக்குக் கொள்ளலாம், ஐயா, முழுமையாக அல்ல. உங்கள் மாணவர் ஒருவர் புதிய செயலியொன்றை நிறுவும்போது, தம் தொலைபேசியிலுள்ள தொடர்புகளைப் பார்க்க அது அனுமதி கேட்கும்; அவர் யோசிக்காமல் ‘சரி’ என்பதை அழுத்துவார்; “கணித சேர்” என்ற பெயரோடு உங்கள் இலக்கமும் அதனுடன் போய்விடும். உங்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. 2013இல் முகநூலில் ஏற்பட்ட கோளாறொன்றினால் ஏறக்குறைய 60 இலட்சம் பேரின் தொலைபேசி இலக்கங்களோ மின்னஞ்சல் முகவரிகளோ பிறருக்குத் தெரியவந்தபோது, அவ்வாறு வெளிப்பட்டவற்றுள் உரியவர் தாமே கொடுக்காமல் மற்றவர்களின் தொடர்புப் பட்டியல்களிலிருந்து வந்து சேர்ந்தவையும் இருந்தன.

நண்பரின் ஒரு சொடுக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அரசியல் பிரசார ஆலோசனை நிறுவனமான கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்காவின் விவகாரத்தை விடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. ஆளுமைச் சோதனைச் செயலியொன்றை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களின் நண்பர்களையும் சேர்த்து 8 கோடி 70 இலட்சம் பேர் வரையானோரின் விபரங்கள் அந்நிறுவனத்தின் கைக்குப் போயிருக்கலாம் என்று 2018இல் முகநூல் நிறுவனமே ஒப்புக்கொண்டது. நண்பர்களின் விபரங்களை அவ்வாறு அள்ளும் வாசல் 2015இலேயே அடைக்கப்பட்டுவிட்டது. தொடர்புப் பட்டியலின் வாசல் மட்டும், ஒவ்வொருவரும் தம் தொலைபேசியில் அடைத்தால்தான் அடைபடும்.

கேள்வி: எங்கள் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் எல்லோருடைய முழுப்பெயர், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் அடங்கிய அட்டவணையொன்றைப் பகிர்ந்துள்ளேன். பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லத்தான். இதில் பிழை உண்டா?
– குழு நிர்வாகி, கல்முனை

பதில்: நோக்கத்தில் பிழையில்லை, பிறந்த ஆண்டைச் சேர்த்ததில் உண்டு. நமது தேசிய அடையாள அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்பது. பெண்களாயின் அந்த நாளோடு 500 கூட்டப்படும். 1999 பெப்ரவரி 5ஆம் திகதி பிறந்த ஒரு பெண்ணின் இலக்கம் 1999536 என்றே தொடங்கும். உங்கள் அட்டவணையை வைத்திருக்கும் எவரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையிலும் ஏழு இலக்கங்களை அறிந்தவராகிறார். அதே இலக்கத்தைச் சொல்லி வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவர் தொலைபேசியில் அழைத்தால், நம்மில் எத்தனை பேர் சந்தேகப்படுவோம்?

அட்டவணையை நீக்கிவிட்டு, விரும்புபவர்கள் மாதத்தையும் நாளையும் மட்டும் தரலாம் என்று குழுவில் எழுதுங்கள். இதற்குள் அதைத் தரவிறக்கம் செய்து வைத்திருப்பவர்களிடமும் அழித்துவிடும்படி கேளுங்கள். குழுவில் இப்போதும் இருக்கும் இலக்கங்களில் எவை யாருடையவை என்று ஒருமுறை சரிபார்ப்பதும் நல்லது. வெளிநாடு போனவர்கள் கைவிட்ட பழைய இலக்கங்கள், பின்னர் வேறு யாருக்கோ வழங்கப்பட்டிருக்கக்கூடும்.