கலிஃபோர்னியாவில் ஃபூட்டா வரி ஏன் ஏறுகிறது? வாசகர் கேள்விகள்

சன்னிவேலில் சின்ன ஹோட்டல் நடத்துகிறேன். ஆளுக்கு 42 டாலராக இருந்த ஃபூட்டா வரி (FUTA, வேலையின்மை உதவித் திட்டத்துக்காக முதலாளி மத்திய அரசுக்குக் கட்டுவது) 2025-க்கு 126 ஆகிவிட்டது. நான் யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லையே, ஏன் இந்த அபராதம்?

அபராதம் இல்லைங்க, கடன் தவணை. 2020 கொரோனா முடக்கத்தில் வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை தர மாநில நிதி போதவில்லை. மத்திய அரசிடம் வாங்கிய கடன் இன்னும் சுமார் 2,000 கோடி டாலர் நிற்கிறது.

ஃபூட்டா வரி உண்மையில் 6 சதவீதம், ஆளுக்கு ஆண்டின் முதல் 7,000 டாலர் சம்பளத்துக்கு மட்டும். மாநிலத்துக்கான வேலையின்மை வரியை ஒழுங்காகக் கட்டினால் 5.4 சதவீதம் தள்ளுபடி. மீதி 0.6தான் உங்கள் பழைய 42 டாலர். மாநிலத்தின் கடன் இரண்டு ஆண்டு தொடர்ந்து அடைபடாவிட்டால் தள்ளுபடியில் 0.3 வெட்டு, அப்புறம் ஆண்டுதோறும் இன்னொரு 0.3. 2022-இல் தொடங்கிய வெட்டு 2025-இல் 1.2 ஆகிவிட்டது. பழைய 0.6-உடன் சேர்த்தால் 1.8 சதவீதம், அதுதான் உங்கள் 126 டாலர். வெட்டால் கூடுதலாக வரும் பணம் மாநிலக் கடனில் கழிகிறது. ஆட்களைக் குறைத்தவர், குறைக்காதவர் என்ற பேதமே இதில் கிடையாது. இது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஹோட்டல்காரருக்கு இன்னும் வலி. 10 பேர் செய்யும் வேலைக்கு ஆண்டில் 25 பேர் வந்துபோய், எல்லோரும் 7,000-ஐத் தாண்டினால் 1,260 அல்ல, 3,150 டாலர். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் எஞ்சினியருக்கு அவர் கம்பெனி கட்டுவதும் அதே 126தான்.

இதை ஊழியர் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கூடாது. முழுக்க முதலாளி தர வேண்டியது.

ஆண்டு முழுக்க 0.6 காட்டிய பேரோல் மென்பொருள் ஜனவரியில் பெரிய தொகை கேட்கிறது. தவறா?

இல்லை. கடனை அடைக்க மாநிலத்துக்கு நவம்பர் 10 வரை நேரம் உண்டு. அதன் பிறகே வெட்டு உறுதியாகும் என்பதால், நான்காம் காலாண்டில் மொத்தமாகச் சேர்ந்து ஜனவரி 31-க்குள் கட்ட வேண்டிவருகிறது. ஃபூட்டாவின் ஆண்டுக் கணக்கான படிவம் 940-உடன், வெட்டைக் கணக்கிடும் ஷெட்யூல் ஏ-வும் வேண்டும். இந்த ஆண்டும் கடன் நின்றால், 2026-க்கு வழக்கமான 42 போக ஆளுக்குக் குறைந்தது 105 டாலர் வரும். இப்போதே தனியாக எடுத்து வையுங்கள்.

எங்கள் கோயிலில் அர்ச்சகரும் சமையல்காரரும் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். கோயிலும் கட்ட வேண்டுமா?

501(சி)(3) அந்தஸ்து (மத, அற அமைப்புகளுக்கான மத்திய வரிவிலக்கு) இருந்தால் ஃபூட்டாவே கிடையாது.

நியூயார்க்கில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு 2025-க்கு வெட்டு இல்லையாம். எப்படி?

நியூயார்க்கிலும் 2022 முதல் வெட்டு இருந்தது. வட்டிக்கென்று தனிக் கட்டணமும் கட்டினார்கள். 2025-இல் சுமார் 700 கோடி டாலரை பட்ஜெட்டில் ஒதுக்கி, அந்த மாநிலமே கடனை அடைத்துவிட்டது. கலிஃபோர்னியா பட்ஜெட்டிலிருந்து கட்டுவது வட்டியைத்தான்.