பிலிம் எஸ்எல்ஆர் கேமரா: நம் கடற்கரைக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மேனுவல் ஃபோகஸ் பிலிம் கேமரா பற்றித் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை பல ஊர்க்காரர்கள் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். இந்தக் கேமராவில் நாம் முடிவு செய்ய வேண்டியவை மூன்றே மூன்று: ஷட்டர் வேகம் (பிலிமில் வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண் கூடினால் திறப்பு சிறியது), ஃபோகஸ். நம் கரையில் படத்தைக் கெடுப்பது வெயில், கேமராவைக் கெடுப்பது உப்பு. பதில்களும் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றித்தான் வரும்.

ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி: அண்ணே, அப்பாவோட பென்டாக்ஸ் கே1000 பீரோவில் கிடந்தது. பேட்டரி செத்துவிட்டது. கேமரா ஓடுமா, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பேட்டரி இல்லாமலேயே ஓடும். கே1000-இல் பேட்டரி, வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டர் முள்ளுக்கு மட்டும்தான். ஷட்டர் முழுக்க ஸ்பிரிங்கிலும் பல்சக்கரத்திலும் ஓடுகிறது. 1976-இல் வந்து இருபது வருடத்துக்கு மேல் தயாரிப்பில் இருந்ததற்கு இந்த எளிமைதான் காரணம்.

பின்மூடியைத் திறப்பதற்கு முன்னால் இடது பக்க ரீவைண்ட் குமிழை அம்புக்குறி காட்டும் பக்கம் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே அப்பா எடுத்த ரோல் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம், திறக்காதீர்கள். லேசாகச் சுற்றினால் திறக்கலாம். திறந்ததும் பிலிமை நகர்த்தும் லீவரை இழுத்து, வேகத்தை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். ஷட்டர் திரை திறந்து, ஒரு நொடி நின்று, மூட வேண்டும். பாதியில் நின்றாலோ இழுத்துக்கொண்டு போனாலோ உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது. அப்புறம் 1/1000-இல் வைத்து, பின்னாலிருந்து ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து அழுத்துங்கள். சட்டம் முழுவதும் ஒரே சீரான பளிச்சிடல் தெரிய வேண்டும். ஓரம் இருட்டாக இருந்தால் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடவில்லை.

லென்ஸைக் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கோடுகள் ஓடினால் பூஞ்சை. பின்மூடி ஓரத்திலும் கண்ணாடிக்கு மேலேயும் இருக்கும் கறுப்பு ஸ்பாஞ்ச் விரலில் பிசுபிசு என்று ஒட்டினால் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் வெயிலுக்கு அந்த ஓரத்து வழியாக வெளிச்சம் புகுந்து ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சு நிறத் தீற்றல் விழும். இவ்வளவும் சரியாக இருந்தால் உங்கள் கையில் இருப்பது நல்ல கேமரா, விற்றுவிடாதீர்கள்.

மீட்டருக்கு எல்ஆர் 44 பட்டன் செல் ஒன்று போதும், வாட்ச் கடையில் கிடைக்கும். இதில் மீட்டருக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் இல்லை. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் செல் தாங்கும்.

தொண்டியிலிருந்து: கேனான் ஏஇ-1 ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா, கே1000-ஏ தேடலாமா?

ஏஇ-1 நல்ல கேமராதான், 1976-இல் பெரிய பெயர் எடுத்தது. ஆனால் அதன் ஷட்டர் மின்சாரத்தில் ஓடுவது. 6 வோல்ட் பேட்டரி தீர்ந்தால் ஒரு படம்கூட எடுக்க முடியாது, அந்த பேட்டரி எல்லாக் கடையிலும் இருக்காது. கரையோரம் உப்புக் காற்றில் அலைகிறவருக்கு நான் மெக்கானிக்கல் கேமராவைத்தான் சொல்வேன்: கே1000, யாஷிகா எஃப்எக்ஸ்-3, நிக்கான் எஃப்எம்2. காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் எஃப்எம்2. 1/4000 நொடி வரை பேட்டரி இல்லாமல் போகிறது. கடற்கரை வெளிச்சத்தில் அந்த வேகம் கைகொடுக்கும்.

மண்டபத்திலிருந்து: எஃப்எம்2-வில் ஷட்டர் பட்டன் அழுந்தவே மாட்டேன் என்கிறது. ரிப்பேரா சார்?

இல்லை. லீவர் உடலோடு ஒட்டி இருந்தால் பட்டன் பூட்டிக்கொள்ளும். லீவரைக் கட்டைவிரலால் கொஞ்சம் வெளியே இழுத்து வையுங்கள், பட்டனும் அழுந்தும், மீட்டரும் எரியும்.

பாம்பனிலிருந்து: 36 படம் எடுத்தேன். கழுவி வந்த நெகட்டிவில் ஒன்றுமே இல்லை, கண்ணாடி மாதிரி இருக்கிறது. லேபில் கெடுத்துவிட்டார்களா?

லேபைத் திட்டுவதற்கு முன் நெகட்டிவின் ஓரத்தைப் பாருங்கள். பிலிம் பெயரும் படத்தின் எண்களும் கறுப்பாகத் தெரிகின்றனவா? தெரிந்தால் கழுவியது சரி, பிலிம் வெளிச்சத்தையே பார்க்கவில்லை. ஓரத்திலும் ஒன்றுமில்லை என்றால் கழுவியதில்தான் கோளாறு.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் முதலாவதுதான் போலிருக்கிறது. பிலிமின் நாக்கு ஸ்பூலில் மாட்டாமல் நழுவியிருக்கும். நீங்கள் லீவரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள், எண் காட்டும் சக்கரமும் சமர்த்தாக 36 வரை போயிருக்கும். பிலிம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும்.

அடுத்த முறை நாக்கை வலது பக்க ஸ்பூலின் வெட்டில் நன்றாகச் செருகுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடியே லீவரை ஒருமுறை இழுத்து, மேலும் கீழும் இரண்டு வரிசை ஓட்டைகளும் பல்லில் உட்கார்ந்தனவா என்று பாருங்கள். மூடிவிட்டு, ரீவைண்ட் குமிழை லேசாகச் சுற்றித் தளர்ச்சியை எடுத்துவிடுங்கள். இனிமேல் லீவரை இழுக்கும்போதெல்லாம் அந்தக் குமிழ் தானாகச் சுழல வேண்டும். குமிழ் சுழன்றால் பிலிம் ஓடுகிறது, சுழலாவிட்டால் ஓடவில்லை. எண் சக்கரத்தை நம்பாதீர்கள், குமிழை நம்புங்கள்.

ராமேஸ்வரத்திலிருந்து ஒரு சகோதரி: அரிச்சல்முனையில் எடுத்த படங்கள் எல்லாம் மங்கலாக, மணல் அழுக்குச் சாம்பல் நிறத்தில் வந்திருக்கிறது. மீட்டர் முள்ளை நடுவில் வைத்துத்தான் எடுத்தேன்.

முள்ளை நடுவில் வைத்ததுதான் காரணம். மீட்டருக்கு மணல் என்றும் தெரியாது, கறுப்புப் பாறை என்றும் தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் என்று எடுத்துக்கொண்டு கணக்குச் சொல்லும். அரிச்சல்முனையில் இரண்டு பக்கமும் கடல், காலடியில் வெளுத்த மணல், தலைக்கு மேல் வெயில். அத்தனை வெளிச்சத்தையும் பார்த்துவிட்டு, "குறை, குறை" என்கிறது. நீங்கள் குறைத்தீர்கள், மணலும் சாம்பலானது, நின்றவர்கள் முகமும் கறுத்தது.

இதற்கு வழி இரண்டு. முதல் வழி, உள்ளங்கை. ஆட்கள் மேல் விழும் அதே வெயிலில் உங்கள் உள்ளங்கையை நீட்டி, வ்யூஃபைண்டர் முழுவதும் அது நிறையும்படி கேமராவைக் கிட்டே கொண்டுபோய் மீட்டரைப் பாருங்கள். கை ஃபோகஸில் இருக்க வேண்டியதில்லை, கையில் கேமராவின் நிழல் மட்டும் விழக் கூடாது. உள்ளங்கை நடுத்தரச் சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு, வெளுப்பு. அதனால் மீட்டர் எஃப் 16 என்றால் எஃப் 11-இல் வைத்து எடுங்கள். அதன்பிறகு முள் எங்கே போனாலும் கவலைப்படாதீர்கள்.

இரண்டாவது வழிக்கு மீட்டரே வேண்டாம். சுள்ளென்று வெயில் அடிக்கும்போது அப்பர்ச்சர் எஃப் 16, ஷட்டர் வேகம் பிலிமின் ஐஎஸ்ஓ எண்ணுக்கு (வெளிச்சத்தை வாங்கும் திறனைக் காட்டும் எண்) பக்கத்தில் இருப்பது. 200 பிலிம் என்றால் 1/250, 400 என்றால் 1/500. தனுஷ்கோடி மாதிரி வெறும் மணல்வெளியில் ஒரு ஸ்டாப் குறைத்து எஃப் 22. மெல்லிய மேகத்தில் எஃப் 11, நிழல் விழாத அளவுக்கு மேகம் மூடினால் எஃப் 8, கார்த்திகை மழை மூட்டத்தில் எஃப் 5.6. ஓலைக் கொட்டகை நிழலில் வலை பின்னுகிறவரை எடுக்க எஃப் 4 அல்லது 5.6. சூரியன் ஆளுக்குப் பின்னால் இருந்தால், வெயில் கணக்கிலிருந்து இரண்டு ஸ்டாப் திறந்துவிடுங்கள்.

கலர் நெகட்டிவ் கொஞ்சம் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்தால்தான் தாங்காது. சந்தேகம் வந்தால் திறக்கிற பக்கமே போங்கள். ஒரு வாரம் மீட்டரைப் பார்க்கும் முன் மனசுக்குள் ஒரு எண் சொல்லிப் பாருங்கள். கண் சீக்கிரமே பழகிவிடும். மீட்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், முடிவு நம்முடையதாக இருக்க வேண்டும். இத்தனை கேள்விகளிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

கீழக்கரையிலிருந்து: ஃபோகஸ் செய்யும்போது வ்யூஃபைண்டரின் நடு வட்டத்தில் இரண்டு பாதி ஒன்று சேர வேண்டும் என்கிறார்கள். கடலைப் பார்த்தால் பிரிந்ததே தெரியவில்லையே?

வட்டத்தின் வெட்டு குறுக்கே போகிறது. அதனால் செங்குத்துக் கோடு இருந்தால்தான் பாதி பாதியாக விலகித் தெரியும். தொடுவானம் படுக்கைக் கோடு, விலகாது. படகின் கொடிக்கம்பம், விளக்குக் கம்பம், ஆள் நின்றால் மூக்கு அல்லது சட்டைப் பட்டன் வரிசை, இப்படி ஒன்றைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் கேமராவை நிமிர்த்திப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டுத் திரும்பப் படுக்க வையுங்கள். வட்டத்தில் ஒரு பாதி கறுத்துப்போனால் லென்ஸின் அப்பர்ச்சர் சிறியது, இல்லாவிட்டால் கண் நடுவில் இல்லை. அப்போது வட்டத்தைச் சுற்றி இருக்கும் சொரசொர வளையம் தெளிவதைப் பாருங்கள்.

வல்லத்தில் போகும்போது, கரைவலை இழுக்கும்போது, இதற்கெல்லாம் நேரம் கிடையாது. லென்ஸ் மேல் ஃபோகஸ் தூரத்துக்கு இருபுறமும் எஃப் எண்கள் பொறித்திருக்கும் அளவுகோலைப் பயன்படுத்துங்கள். 50 எம்எம் லென்ஸில் எஃப் 16 வைத்து, ஃபோகஸை ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினால், ஏறக்குறைய இரண்டரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக இருக்கும். 28 எம்எம்மில் எஃப் 11, இரண்டரை மீட்டர் வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்தே தெளிவு. அப்புறம் வளையத்தைத் தொட வேண்டாம். வலையைப் பாருங்கள், ஆட்களைப் பாருங்கள், அழுத்துங்கள்.

ஏர்வாடியிலிருந்து: கல்யாணத்தில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது.

ஷட்டர் வேகம் கூடிவிட்டது. கே1000-இல் ஃபிளாஷுக்கு 1/60-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஃபிளாஷ் மின்னும் நேரத்தில் இரண்டாவது திரை மூடத் தொடங்கியிருக்கும். எஃப்எம்2-வின் பிந்திய மாடலில் 1/250 வரை போகலாம்.

சேதுக்கரையிலிருந்து: உப்புக்காற்று, மணல், கச்சான். கேமராவை எப்படிக் காப்பாற்றுவது?

கச்சான் வீசும் மாதங்களில் கரையில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள், பிலிமும் மாற்றாதீர்கள். ஒரு மணல் துகள் பிலிம் வெளியே வரும் வாயில் இருக்கும் வெல்வெட்டில் ஒட்டினால் ரோல் முழுக்க நேர்கோடாகக் கீறல் விழும். ஃபோகஸ் வளையத்தில் நறநறவென்று சத்தம் கேட்டால் அதோடு நிறுத்துங்கள், திருப்பத் திருப்ப மரையைத் தின்றுவிடும். லென்ஸ் முன்னால் யூவி ஃபில்டர் எப்போதும் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ரப்பர் ஊதியால் மணலை ஊதிவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்த பருத்தித் துணியால் உடலைத் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் துடையுங்கள். வெறும் உலர் துணி உப்பைத் தேய்த்துப் பரப்பும். எடுக்காது. கடல் தண்ணீரில் முழுதாக விழுந்த கேமராவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், அன்றே மெக்கானிக்கிடம் கொடுக்க வேண்டியது.

தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைப்பது பூஞ்சைக்கு விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது வறுத்துக் காயவைக்க வேண்டும் என்று தெரியும். இதையெல்லாம்விட நல்லது, மாதம் ஒரு தடவையாவது கேமராவை எடுத்து எல்லா வேகத்திலும் ஓட்டுவது.

தங்கச்சிமடத்திலிருந்து: லீவர் பாதியில் நின்றது, பதற்றத்தில் மூடியைத் திறந்துவிட்டேன். எல்லாம் போச்சா?

எல்லாம் போகாது. எடுத்த படங்கள் வலது ஸ்பூலில் சுருண்டிருக்கும், மேல் சுற்றில் இருக்கும் கடைசிப் படங்கள்தான் போயிருக்கும். உள்சுற்றில் இருக்கும் பழைய படங்கள் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு, கழுவக் கொடுங்கள். லீவர் நின்றால் ரோல் முடிந்தது என்று அர்த்தம், பலம் கொடுத்து இழுத்தால் ஓட்டைகள் கிழியும். அடியில் இருக்கும் சிறு பட்டனை அழுத்திவிட்டுக் குமிழால் பின்னோக்கிச் சுற்றுங்கள். இறுக்கம் விட்டுப்போன பிறகு திறங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து: கறுப்பு வெள்ளைப் பிலிமை வீட்டிலேயே கழுவ ஆசை. குழாய்த் தண்ணீர் சூடு, கிணற்றுத் தண்ணீர் உப்பு.

இரண்டுக்கும் வழி இருக்கிறது. டி-76 மாதிரி டெவலப்பர்களுக்கு 20 டிகிரி கணக்கு. நம் குழாயில் மதியம் 30-க்கு மேல் வரும். மீன் கம்பெனி ஐஸை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு, மருந்து பாட்டிலை அதற்குள் நிறுத்துங்கள். ஐஸ் மருந்தில் கலக்கக் கூடாது. 24 டிகிரிக்குள் கொண்டுவந்தாலே போதும், அதற்கான குறைந்த நேரத்தை அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் சீராகக் கழுவப்படாது.

மருந்து கலக்கக் கேன் தண்ணீர். கடைசியில் அலசக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. இல்ஃபோர்ட் கம்பெனி சொல்லும் முறை நம் மாவட்டத்துக்கென்றே செய்தது போலிருக்கிறது: பிலிம் இருக்கும் மூடிய கழுவும் தொட்டியில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் 10 முறை, இன்னொரு புதுத் தண்ணீரில் 20 முறை. அவ்வளவுதான். முடிவில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு முக்கு. உப்புத் தண்ணீரில் முடித்தால் காய்ந்ததும் வெள்ளைப் புள்ளிகள் நிற்கும்.

வாலிநோக்கத்திலிருந்து: தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் ஊட்டி 'இந்து' பிலிம் ரோல் ஒன்று இருந்தது. எடுக்கலாமா?

ஊட்டி இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்தது. ஒரு காலத்தில் நம் ஸ்டுடியோக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். இத்தனை வருடச் சூட்டில் படம் புகை மூடியது போல வரலாம். பத்து வருடத்துக்கு ஒரு ஸ்டாப் என்ற கணக்கில் கூடுதல் வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். முக்கியமான நிகழ்ச்சிக்கு மட்டும் அதை நம்பிப் போகாதீர்கள்.

மறுபடியும் பாம்பன்: புதுப் பாலத்தில் ரயில் வரும்போது சாலைப் பாலத்திலிருந்து எடுக்க என்ன வைக்க வேண்டும்?

2025 ஏப்ரலில் திறந்த பாலம்தானே. நடுவில் மேலே தூக்கும் பகுதியின் இரண்டு கோபுரங்களும் படத்துக்கு நல்ல சட்டம். ரயில் வருவதற்கு முன்பே கோபுரத்தின் செங்குத்து விளிம்பில் ஃபோகஸ் பிடித்து, காற்றில் கை பட்டு நகராமல் வளையத்தில் சின்னதாக ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். 200 பிலிமில் காலை வெயிலுக்கு 1/500, எஃப் 8 அல்லது 11. பாலத்தில் காற்று ஆளைத் தள்ளும், அதனால் 1/250-க்குக் கீழே இறங்க வேண்டாம். கழுத்துப் பட்டையை மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். லீவரை முன்கூட்டியே இழுத்து வைத்திருங்கள். ரயில் மெதுவாகத்தான் வரும், நான்கைந்து படத்துக்கு நேரம் இருக்கிறது.