ஒன்பதாம் மாதமும் ‘உன் இஷ்டமும்’

அன்புள்ள அக்கா,

மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஏழு மாதம். மூத்தவள் பிறந்தபோது வேலையை விட்டேன். அதற்கு முன் ஆறு வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். போன வாரம் பழைய மேலாளர் கூப்பிட்டார். இரண்டு மாதத்தில் ஓர் இடம் காலியாகிறதாம், வர முடியுமா என்று கேட்டார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். மூன்று வயது வரை அம்மா கூடவே இருக்க வேண்டும் என்கிறார் மாமியார். கணக்குப் போட்டால் என் சம்பளத்தில் முக்கால்வாசி காப்பகத்துக்கே போய்விடும். கணவரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்கிறார். எனக்குப் போக ஆசை. அப்படி ஆசைப்படுவதே தப்போ என்றும் தோன்றுகிறது. குழந்தைக்கு எத்தனை வயதானபின் போவது சரி?

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

ஆசைப்படுவது தப்பில்லை. ஆறு வருடம் நன்றாகச் செய்த ஒரு வேலையை மறுபடி செய்யத் தோன்றுவது, பிள்ளைகள் மேல் உள்ள பாசத்திலிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது.

சரி, வயதுக்கு வருவோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு உடன்படிக்கை பேறுகால விடுப்பு குறைந்தது 14 வாரம் இருக்க வேண்டும் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரையோ அதற்கு மேலோ பால் கொடுக்கச் சொல்கிறது. முதல் எண் வேலை தருபவருக்கு, அடுத்தது குழந்தையின் உணவுக்கு. அம்மா எந்த மாதத்தில் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று இரண்டுமே சொல்லவில்லை.

உங்கள் விஷயத்தில் நான் கவனிப்பது வேறொன்று. நீங்கள் சேரும்போது சின்னவனுக்கு ஒன்பது மாதம் ஆகியிருக்கும். ஏறக்குறைய எட்டு மாதத்தில்தான், கண்ணுக்குத் தெரியாத அம்மாவும் எங்கோ இருக்கிறாள் என்பது குழந்தைக்குப் புரிய ஆரம்பிக்கிறது. எப்போது வருவாள் என்பது மட்டும் தெரியாது. அதனால்தான் அம்மா கிளம்பும்போது அந்த அழுகை. பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை அது உச்சத்தில் இருக்கும், பிறகு மெல்லக் குறையும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போகும் அம்மாக்கள் முதல் வாரத்து அழுகையைப் பார்த்து, தப்பு செய்துவிட்டோம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் முடிவு கட்டினேன். மகன் ஐந்து மாதமாக இருந்தபோது வேலைக்குத் திரும்பினேன். அவன் யார் கைக்கும் போனான், அழுததெல்லாம் நான்தான். மகள் விஷயத்தில் பதினோரு மாதம் காத்திருந்தேன், வளர்ந்துவிட்டாளே, சுலபமாக இருக்கும் என்று நினைத்து. மூன்று வாரம் தினமும் என் துணியைப் பிடித்துக்கொண்டு கதறினாள். ஒருநாள் கிளம்ப மனம் வராமல் காப்பகத்துச் சுவருக்குப் பின்னால் நின்று கேட்டேன். பத்து நிமிடத்தில் அழுகை நின்றது. அப்புறம் அவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

அதனால் ஒன்பதாம் மாதம் என்று பயந்து வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இரண்டு மாதம் கையில் இருக்கிறதே. இப்போதே அவனைப் பார்த்துக்கொள்ளப் போகிறவரோடு பழக விடுங்கள். முதலில் நீங்களும் கூட உட்காருங்கள், அடுத்து அரைமணி வெளியே போய்விட்டு வாருங்கள், அப்புறம் அரைநாள். கிளம்பும்போது அவன் பார்க்காத நேரத்தில் நழுவாதீர்கள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டே போங்கள், திரும்பி வந்ததும் வந்துவிட்டேன் என்று சொல்லுங்கள். பால் விஷயம் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம். மற்ற உணவும் சாப்பிடுகிற வயது. கறந்து வைத்த பால் சாதாரண அறை வெப்பத்தில் 4 மணி நேரம், குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை இருக்கும்.

உங்கள் மாமியாரின் கவலையைத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய ஓர் அரசு ஆய்வு 1300க்கும் அதிகமான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. அம்மா மட்டுமே வளர்த்த குழந்தைகளும் மற்றவர்களும் சேர்ந்து வளர்த்த குழந்தைகளும் அந்த ஒரு காரணத்தால் பெரிதாக வேறுபடவில்லை. வீடு எப்படிப்பட்டது, அம்மா பிள்ளையின் குறிப்பறிந்து நடந்துகொள்கிறாளா என்பவை அதைவிடக் கூடுதலாகக் கணக்கில் வந்தன. பார்த்துக்கொள்பவரின் தரமும் ஓரளவு முக்கியமாக இருந்தது. காப்பகத்தில் மிக நீண்ட நேரம் இருந்த குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகமாக முரண்டு தெரிந்தது என்பதையும் அதே ஆய்வு சொன்னது. எனவே எத்தனை மணி நேரம், யாரிடம் என்ற இரண்டையும் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் கேட்பது பேரனுக்காகத்தான்.

பணக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. காப்பகச் செலவை உங்கள் சம்பளத்திலிருந்து மட்டும் ஏன் கழித்தீர்கள்? குழந்தைகள் உங்கள் இருவருக்கும்தானே? இரண்டு சம்பளத்தையும் கூட்டி அதிலிருந்து கழித்துப் பாருங்கள். காப்பகச் செலவு சில வருடத்தில் குறையும். வேலையிலிருந்து விலகி நிற்கும் காலமோ பின்னாளில் வரும் சம்பளத்தையும் குறைத்துக்கொண்டே போகும். 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின் காட்டியது இதைத்தான்: ஒரே படிப்பு, ஒரே வேலையில் இருக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் இன்று உள்ள வருமான இடைவெளியில் பெரும்பகுதி முதல் குழந்தைக்குப் பிறகே உண்டாகிறது.

இனி அந்த “உன் இஷ்டம்”. கேட்கும்போது பெருந்தன்மையாக இருக்கும், நானும் அதைக் கேட்டு நன்றி சொல்லியிருக்கிறேன். ஆனால் அதில் உள்ள பொருள், போனாலும் போகாவிட்டாலும் அவருடைய நாளில் எதுவும் மாறாது என்பது. நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது நான் போகலாமா என்று அல்ல. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது? காப்பகத்துக்குப் போக ஆரம்பித்த முதல் சில மாதம் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும், கட்டாயம் வரும். இரவில் எழுந்தால் யார் எழுவது? மூத்தவளைக் கூட்டிவருவது யார்? இவற்றுக்குப் பெயர் சொல்லி, கிழமை சொல்லிப் பதில் வந்தால் மேலாளருக்குச் சரி என்று சொல்லுங்கள், கூடவே முதல் இரண்டு வாரம் அரைநாள் கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஒன்பதாம் மாதத்தில் போனாலும் மூன்றாம் வயதில் போனாலும் இரண்டு வேலையையும் நீங்களே சுமப்பீர்கள். எல்லாம் பேசிய பிறகு, இப்போது வேண்டாம், இவனோடு இன்னும் ஒரு வருடம் இருக்கிறேன் என்று உங்களுக்கே தோன்றினால் அதுவும் நல்ல முடிவுதான், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

மகன் காப்பகத்தில் இருந்த ஒரு வருடமும் எல்லா அழைப்பும் எனக்கே வந்தது. சேர்க்கும்போது படிவத்தில் என் எண்ணை மட்டும் எழுதியிருந்தேன், இன்னொரு கோடு காலியாகவே இருந்தது. மகளைச் சேர்த்தபோது அவள் அப்பாவின் எண்ணை முதலில் எழுதினேன். முதல் காய்ச்சலன்று அவர்தான் போனார்.

அன்புடன்,
அக்கா