கேமராவோடு ஊர் சுற்ற டேப்லெட் போதுமா? கேள்விகளும் பதில்களும்

பயணம் போகும்போது லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டு டேப்லெட்டை மட்டும் எடுத்துப் போகலாமா? இதைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சில வருடங்களாக ஐபேடோடும், இடையில் கொஞ்ச காலம் ஆண்ட்ராய்டு டேப்லெட்டோடும் படமெடுக்கப் போய்வருகிறேன். வீட்டு மேஜையில் ஒரு கம்ப்யூட்டரும் இருக்கிறது. என் பதில்களை இதை வைத்துப் படியுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: ஒரே வரியில் சொல்லுங்கள் அண்ணா, வாங்கலாமா, வேண்டாமா?

எடுத்த படங்களைப் பெரிதாகப் பார்க்க, நல்லதைப் பொறுக்க, அன்றைக்கே நாலு படத்தைத் திருத்தி அனுப்ப என்றால் தாராளமாக வாங்கலாம். கேமராவின் மெமரி கார்டில் இருப்பதைப் பத்திரப்படுத்துவதற்கு என்றால் கொஞ்சம் பொறுங்கள். தினமும் ராத்திரி எதிலிருந்து எதற்கு நகலெடுக்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், டேப்லெட்டை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம். வந்த கேள்விகளில் பாதி திரையைப் பற்றித்தான். ஆனால் மங்கலான திரையால் யாருடைய படமும் தொலைந்ததில்லை.

மதுரையிலிருந்து: கார்டில் இருக்கும் படங்களை நேராக எஸ்எஸ்டிக்கு (கையடக்க வெளி டிரைவ்) மாற்ற ஐபேடால் முடியாது என்கிறார்களே?

2019 வரை அது உண்மைதான். அந்த வருடம் ஐபேட்ஓஎஸ் 13 வந்த பிறகுதான் ஃபைல்ஸ் ஆப்பில் வெளி டிரைவ்கள் தெரிய ஆரம்பித்தன. இன்றைக்கு யூஎஸ்பி-சி உள்ள எந்த ஐபேடிலும் ஒரு ஹப்பை (ஒரு துளையைப் பலவாக்கும் சின்ன இணைப்பான்) போட்டு, ஒரு பக்கம் கார்டு, மறுபக்கம் எஸ்எஸ்டி, மூன்றாவது துளையில் சார்ஜர் என்று சொருகி நகலெடுக்கலாம். சார்ஜரை விட்டுவிடாதீர்கள். சில எஸ்எஸ்டிகளும் வேகமான கார்டு ரீடர்களும் இழுக்கும் மின்சாரத்தை டேப்லெட் தனியாகக் கொடுக்கத் திணறும், நடுவில் இணைப்பு அறுந்துவிடும்.

முடிவது வேறு, நம்பலாமா என்பது வேறு. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ராஜஸ்தானில் புஷ்கர் ஒட்டகச் சந்தை. விடியற்காலைப் பனியும் புழுதியும் ஒன்றாகக் கலந்து நிற்க, ஒட்டகங்களின் கால்களுக்கு நடுவே அடுப்பு மூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார்கள். 640 படங்கள் எடுத்தேன். ராத்திரி அறையில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து எஸ்எஸ்டிக்கு நகலெடுக்கப் போட்டுவிட்டு, ஹப்பின் சின்ன நீல விளக்கு மினுக்குவதைப் பார்த்தபடியே தூங்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் திரை தானாக அணைந்திருக்கிறது, அதோடு நகலெடுப்பும் நின்றுவிட்டது. காலையில் எழுந்து எஸ்எஸ்டியைத் திறந்தால் ஃபோல்டர் இருந்தது, உள்ளே படங்கள் வரிசையாகத் தெரிந்தன. கடைசி வரை உருட்டிப் பார்க்காமல் கார்டைக் கேமராவில் போட்டு ஃபார்மட் செய்தேன். வந்து சேர்ந்திருந்தது 312 படங்கள் மட்டும். மீதி போயே போய்விட்டது. ஃபார்மட் செய்த கையோடு கார்டை எடுத்து வைத்திருந்தால் மீட்பு மென்பொருள் போட்டு எடுத்திருக்கலாம். நான் அன்று பகல் முழுக்க அதே கார்டில் மேலே மேலே எடுத்துத் தள்ளியிருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். நகலெடுக்கும் முன் திரை தானாக அணைவதை அமைப்பில் நிறுத்திவிடுவேன். முடியும் வரை வேறு ஆப்புக்குப் போக மாட்டேன். முடிந்ததும் கார்டிலும் எஸ்எஸ்டியிலும் ஃபைல் எண்ணிக்கை ஒன்றா, மொத்த அளவு ஒன்றா என்று பார்ப்பேன். கடைசி ஃபைலைத் திறந்து முழுப்படமும் வருகிறதா என்றும் பார்ப்பேன். பயணம் முடியும் வரை கார்டை அழிக்கவே மாட்டேன். 64 ஜிபி கார்டு இரண்டு கூடுதலாக வாங்கும் செலவு, திரும்பவும் புஷ்கர் போய்வரும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை.

இன்னொன்று. எஸ்எஸ்டியை வீட்டிலேயே எக்ஸ்ஃபேட் என்ற, விண்டோஸும் ஐபேடும் எழுதக்கூடிய வடிவத்தில் ஃபார்மட் செய்து எடுத்துப் போங்கள். விண்டோஸ் கம்ப்யூட்டரில் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்த டிரைவை அப்படியே கொண்டுபோனால் ஐபேடால் அதில் எழுத முடியாது. ஐபேடிலேயே டிரைவை ஃபார்மட் செய்யும் வசதி 2024இல் வந்த ஐபேட்ஓஎஸ் 18இல்தான் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து: எல்லாவற்றிலும் யூஎஸ்பி-சிதானே இருக்கிறது? விலை குறைந்த ஐபேடையே வாங்கினால் என்ன?

துளையின் வடிவம் ஒன்றுதான், உள்ளே வேகம் வேறு. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை சாதாரண ஐபேடில் இருப்பது யூஎஸ்பி 2. நடைமுறையில் நொடிக்கு 35, 40 எம்பி தாண்டாது. 64 ஜிபி கார்டு ஒன்றை நகலெடுக்க அரை மணி நேரம் ஆகும். ஐபேட் ஏர், ப்ரோ இரண்டிலும் வேகம் பல மடங்கு அதிகம். அங்கே கார்டின் வேகம்தான் எல்லை. சாதாரண யூஎச்எஸ்-1 வேக வகைக் கார்டு என்றால் பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். ஒரு நாளைக்கு ஒரு கார்டுதான் நிறையும் என்றால் சாதாரண ஐபேடே போதும், சாப்பிடப் போகும் நேரத்தில் ஓடி முடிந்துவிடும். மூன்று கார்டு என்றால் தூக்கம் போய்விடும். சாம்சங்கின் டேப் எஸ் வரிசையின் உயர்ரக மாடல்களிலும் வேகமான யூஎஸ்பி இருக்கிறது, பேனாவும் பெட்டியிலேயே வருகிறது.

சென்னையிலிருந்து, லடாக் போகும் நண்பர்கள் குழு: எஸ்எஸ்டி வேண்டாம், க்ளவுடில் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறோம். கைவசம் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றும் உண்டு. போதுமா சார்?

இரண்டையும் நம்ப வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முதலில் க்ளவுட். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அது இருந்தாலும் லே நகரைத் தாண்டினால் சிக்னல் வந்து வந்து போகும். நல்ல இணைப்பே கிடைத்து, நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏறுகிறது என்று வையுங்கள். 30 ஜிபி ரா ஃபைல்கள் (கேமரா பதியும் பெரிய மூலப் படங்கள்) ஏறக் கிட்டத்தட்ட ஏழு மணி நேரம். விடுதி வைஃபையில் இது நடக்காது. பொறுக்கிய இருபது படங்களை ஜேபெக்காக ஏற்றி வையுங்கள், அது நல்ல பழக்கம்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். சுழலும் தட்டுக்கு மேலே அதன் முனை, மெல்லிய காற்றுப் படலம் ஒன்றின் மீது மிதந்துதான் படிக்கிறது, எழுதுகிறது. உயரம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும், அந்த இடைவெளியும் குறையும். சாதாரண ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே சுமார் 3,000 மீட்டரை இயக்க எல்லையாகக் குறிக்கிறார்கள். லே நகரமே 3,500 மீட்டர், பாங்காங் ஏரி 4,200க்கும் மேல். ஜீப் குலுங்குவது வேறு. எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. குழுவாகப் போகிறீர்கள், ஆளுக்கு ஒன்று கூட வேண்டாம், இரண்டு எஸ்எஸ்டி வாங்கி இரண்டு வேறு பைகளில் வையுங்கள். ராத்திரிக் குளிரில் கேமரா பேட்டரியையும் பவர் பேங்கையும் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து: ஐபேடில் பார்க்கும்போது அருமையாக இருக்கிறது, பிரிண்ட் போட்டால் இருட்டாக வருகிறது. திரையில் கோளாறா?

திரையில் கோளாறில்லை, அறைதான் காரணம். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் திரையின் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்து எடிட் செய்தால், படம் உண்மையில் இருப்பதைவிடப் பளிச்சென்று தெரியும். கண் அதை நம்பி நிழல்களை அப்படியே இருட்டாக விட்டுவிடும். காகிதத்துக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, அதில் உண்மை தெரிந்துவிடும். அறை விளக்கைப் போடுங்கள், திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் கொண்டுவாருங்கள், திரையின் நிறத்தைத் தானாக மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிஃப்ட் இரண்டையும் நிறுத்துங்கள், ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) பாருங்கள். ஒரே படத்தை மூன்று விதமான வெளிச்சத்தில் லேபில் கொடுத்துச் சின்ன பிரிண்ட் போட்டு வாங்கி, திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் கண்ணுக்கு அளவு பிடிபட்டுவிடும்.

நாகர்கோவிலிலிருந்து: கல்யாணப் படம் எடுக்கிறேன். வெளியூர் ஆர்டருக்கு டேப்லெட் மட்டும் கொண்டுபோகலாமா?

வேண்டாம். மூவாயிரம் படங்களைப் பொறுக்கி, பெயர் மாற்றி, ஆல்பம் வரைக்கும் கொண்டுபோவது லேப்டாப் வேலை. அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் பரிசோதனை கூடாது.

சிங்கப்பூரிலிருந்து: லைட்ரூம் என்ற எடிட் ஆப்பில் இம்போர்ட் செய்துவிட்டால் அதுவே ஒரு பேக்கப்தானே?

க்ளவுடில் ஏறி முடிந்த பிறகுதான் அது பேக்கப். அதுவரை அந்த ரா ஃபைல் டேப்லெட்டுக்குள், அந்த ஆப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது. இடம் போதவில்லை என்று ஆப்பை நீக்கினால், ஏறாத படங்களும் கூடவே போகும். ஆகவே முதலில் எஸ்எஸ்டிக்கு நகல், அப்புறம் லைட்ரூம். அதுவும் எல்லாப் படங்களையும் இழுக்க வேண்டாம், பிடித்த நாற்பது ஐம்பது போதும். கேமராவில் ராவோடு சின்ன ஜேபெக்கும் சேர்த்து எடுக்கும்படி வைத்தால், பொறுக்கும் வேலை பறக்கும். பொறுக்குவதில்தான் எனக்கு டேப்லெட் மேல் அவ்வளவு பிரியம். பேருந்து ஜன்னலோரத்தில் மடியில் வைத்துக்கொண்டு, விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொரு படமாகப் பார்க்கும்போது, எடுத்த இடத்தில் என்ன விட்டுவிட்டேன் என்பது அன்றைக்கே தெரிகிறது. மறுநாள் காலை திரும்பவும் போய் எடுக்க முடிகிறது.

பெங்களூருவிலிருந்து: விமானத்தில் 7 கிலோதான் கைப்பை. எடை எவ்வளவு மிச்சமாகும்?

11 அங்குல ஐபேட் ஏர் அரைக் கிலோவுக்கும் கீழே. 13 அங்குல மேக்புக் ஏர் ஒன்றேகால் கிலோ. மிச்சமாகும் முக்கால் கிலோவில் ஒரு நல்ல லென்ஸ் எடுத்துப் போகலாம். ஆனால் 13 அங்குல டேப்லெட்டும் அதற்கான கீபோர்டும் வாங்கினால் லேப்டாப் எடைக்கே வந்துவிடும், மிச்சம் ஒன்றுமில்லை. கம்ப்யூட்டரில் ஓடும் முழு லைட்ரூம் கிளாசிக்தான் வேண்டும் என்றால் விண்டோஸில் ஓடும் சர்ஃபேஸ் ப்ரோ பாருங்கள். மின்சாரத்திலும் லாபம் உண்டு: 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 74 வாட்-ஹவர், 11 அங்குல ஐபேடை ஒன்றரை முறைக்கு மேல் நிரப்பும். 100 வாட்-ஹவருக்குள் இருப்பதால் விமானத்திலும் கொண்டுபோகலாம், ஆனால் கைப்பையில் மட்டும்.

மட்டக்களப்பிலிருந்து: வில்பத்துவில் சஃபாரி ஜீப்பில் வைத்துப் பார்க்கலாமா?

வெயிலில் வேண்டாம் தம்பி. ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் இயக்க வெப்பநிலை 35 டிகிரி வரைதான். நேர் வெயில் பட்டால் கறுப்புக் கண்ணாடி சட்டென்று சூடாகி, எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். பூட்டிய வண்டிக்குள் விட்டுப் போவது அதைவிட மோசம். பைக்குள்ளேயே இருக்கட்டும், நிழலுக்கு வந்து எடுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, டேப்லெட் வாங்கக் காசில்லை. போனை வைத்துச் சமாளிக்கலாமா?

நன்றாகவே சமாளிக்கலாம். ஓடிஜி (வெளி டிரைவை இணைக்கும்) வசதியுள்ள ஆண்ட்ராய்டு போன், ஒரு கார்டு ரீடர், ஒரு சின்ன ஹப், 500 ஜிபி எஸ்எஸ்டி, இவ்வளவு இருந்தால் நான் மேலே சொன்ன நகலெடுக்கும் வேலை முழுவதும் போனிலேயே நடக்கும். திரை சின்னது, அவ்வளவுதான். காசு சேரும்போது முதலில் கார்டும் எஸ்எஸ்டியும் வாங்கு, டேப்லெட் கடைசியில் வரட்டும். உன் போன் எக்ஸ்ஃபேட் டிரைவில் எழுதுகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள், எல்லா போனும் எழுதாது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் வீட்டிலேயே ஒரு கார்டு முழுவதையும் நகலெடுத்துப் பார். எத்தனை நிமிடம் ஆனது, போன் பேட்டரி எவ்வளவு இறங்கியது என்று குறித்து வை. நடுவில் அறுந்தால் முதலில் கேபிளை மாற்றிப் பார். என் அனுபவத்தில் பாதித் தொல்லைக்குக் காரணம் போனோடு வந்த சார்ஜிங் கேபிள்தான்.