விழித்திரைக்கு அடியில் ரத்தம்: பொறுத்துப் பார்க்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ரத்தக் கொதிப்பு உண்டு, ஆஸ்பிரின் சாப்பிடுகிறார். நான்கு நாளாக வலது கண்ணில் நேரே பார்த்தால் கறுப்புத் திட்டு. விழித்திரைக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கிறது, கண்ணுக்குள் ஊசி போட வேண்டும் என்கிறார் டாக்டர். சர்க்கரை நோயுள்ள என் மாமாவுக்குக் கண்ணில் கசிந்த ரத்தம் தானே கரைந்தது. நாங்களும் பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். மாமாவுக்குக் கசிந்தது பெரும்பாலும் விழித்திரைக்கு முன்னால், கண்ணை நிரப்பியிருக்கும் கூழில். அது பார்வையை மறைக்கும், கரைந்தால் விலகும். அப்பாவுக்கோ விழித்திரைக்கு அடியில். பார்வைச் செல்களுக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் அந்தப் பக்கமிருந்துதான் வருகின்றன. தேங்கிய ரத்தம் குறுக்கே நிற்கிறது. சிதையும் சிவப்பணுக்களிலிருந்து வெளிப்படும் இரும்பு அந்தச் செல்களுக்கு நஞ்சு. உறைந்த ரத்தத்தின் ஃபைப்ரின் இழைகள் செல்களைப் பற்றிக்கொண்டு, ரத்தக்கட்டி சுருங்கும்போது பிய்த்தும் எடுக்கின்றன. இந்த ரத்தமும் ஒருநாள் கரையத்தான் செய்யும். அதற்குள் அங்கே தழும்பு விழுந்துவிடும்.

ரத்தம் எவ்வளவு தடிமன் என்பதை, விழித்திரையை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேன் காட்டும். எங்கிருந்து வந்தது என்பதற்குச் சாயம் செலுத்திப் படமெடுப்பார்கள். வயதால் வரும் மாகுலா (விழித்திரையின் மையப்பகுதி) சிதைவோ, நம்மவர்களிடம் அதிகம் காணப்படும் பாலிபாய்டல் நோயோ (விழித்திரைக்கு அடியிலுள்ள ரத்தக்குழாய்கள் மொட்டுபோல் புடைப்பது) என்றால், கசியும் குழாய்களை அடக்கும் அவாஸ்டின், ரானிபிசுமாப், அஃப்லிபர்செப்ட் போன்ற ஊசிகள்; வழக்கமாக முதலில் மாதம் ஒன்றாக மூன்று. கொதிப்பால் புடைத்த தமனி வெடித்திருந்தால் சிகிச்சை வேறு மாதிரி போகும்.

மையத்தில் தடிமனாகத் தேங்கியிருந்தால், உறைந்ததைக் கரைக்கும் டிபிஏ மருந்தும் (சுமார் 50 மைக்ரோகிராம்) சிறிது காஸும் கண்ணுக்குள் செலுத்தி, ரத்தம் மையத்தைவிட்டு விலகக் குப்புறப் படுக்கச் சொல்வார்கள். சிலருக்குக் கண்ணுக்குள் இருக்கும் கூழை அகற்றும் விட்ரெக்டமி அறுவை தேவைப்படும். இதெல்லாம் முதல் இரண்டு வாரத்துக்குள் பலன் தரும், முந்தினால் நல்லது. காஸ் கரையும்வரை விமானமும் ஊட்டி, கொடைக்கானல் பயணமும் கூடாது: உயரத்தில் காஸ் விரிந்து கண் அழுத்தம் ஏறும். வேறு அறுவைக்கு மயக்கம் கொடுப்பதானால் காஸ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

ஊசிக்குப் பின் வலி, சிவப்பு, பார்வை மங்கல் கூடினால் அன்றே காட்டுங்கள்; தொற்றாக இருக்கலாம். ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதய மருத்துவரைக் கேளுங்கள்.

முன்போல எழுத்து தெரியும் என்று உறுதி கொடுக்க முடியாது. பக்கவாட்டுப் பார்வை பெரும்பாலும் தங்கும். இடது கண்ணை வாரம் ஒருமுறை, கண்ணாடி போட்டு, மற்றதை மூடிக்கொண்டு ஆம்ஸ்லர் கட்டத்தில் (சதுரக் கட்டங்கள் வரைந்த தாள்) பார்க்கச் சொல்லுங்கள். கோடு வளைந்தால் மறுநாளே ஆஸ்பத்திரி.