தாலியைக் கட்டிவிட்டு ‘திருந்திட்டேன்’ என்றால்?

சின்னத்திரை கேள்வி–பதில்

இந்த முறை பெங்களூரிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தது: கெட்டது செய்த காதலன் திருந்தினால் ஏற்றுக்கொள்ளலாமா? அவற்றிலிருந்து ஐந்து.

எங்கள் வீட்டில் அம்மா, பாட்டி, நான் மூவரும் ஒரே சீரியல்தான் பார்க்கிறோம். ஹீரோயினைக் கடத்திப்போய்த் தாலி கட்டியவன்தான் இப்போது ஹீரோ. “அவன் திருந்திட்டான்டி, பாவம்” என்கிறார் அம்மா. நிஜமாகவே திருந்தினானா, டைரக்டர் பூசி மெழுகுகிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, அல்சூர்

பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். நாலு கட்டம் போடுங்கள்: என்ன செய்தான், யாருக்குச் செய்தான், அதைத் தன் வாயால் யாரிடம் ஒப்புக்கொண்டான், அதனால் எதை இழந்தான். முதல் கட்டத்தில் “தப்புப் பண்ணினான்” என்று மொத்தமாக எழுதாதீர்கள். கடத்தினான் என்று ஒரு வரி, போனைப் பிடுங்கினான் என்று ஒரு வரி, அவள் அப்பாவின் வேலையைப் போகவைத்தான் என்று ஒரு வரி. சாதாரண சீரியலிலேயே ஐந்தாறு வரி தேறும்.

குட்டு உடைவது இரண்டாவது கட்டத்தில். அங்கே நாயகி மட்டும் இருக்கமாட்டாள். வேலை போன அப்பா, நின்றுபோன கல்யாணத்தின் மாப்பிள்ளை, பொய் சொல்ல வைக்கப்பட்ட வீட்டு வேலைக்காரப் பெண் என்று ஒரு பட்டியலே வரும். அவர்கள் பெயருக்கு நேராக மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தால், கதை இன்னும் கணக்கை முடிக்கவில்லை. பையன் நாயகியின் மடியில் படுத்து அழுதிருப்பான், அவளும் மன்னித்திருப்பாள். ஆனால் அப்பாவுக்குச் செய்த கொடுமையை மன்னிக்கும் உரிமை அப்பாவுக்குத்தான் உண்டு. ஒருவரிடம் வாங்கிய கடனை இன்னொருவரிடம் அடைக்க முடியுமா?

பூசி மெழுகும் வழிகள் சீரியலுக்குச் சீரியல் மாறுவதில்லை. அவனைவிடப் பெரிய வில்லியாக ஒரு அத்தையைக் கொண்டுவருவார்கள்; அவள் பக்கத்தில் இவன் நல்லவனாகத் தெரிவான். விபத்தில் ஞாபகம் போகும். செய்ததே நினைவில்லாதவனிடம் யார் என்ன கேட்பது? சின்ன வயதில் அப்பா அடித்த ஃப்ளாஷ்பேக் வரும். அது காரணம் சொல்லும், ஈடு கட்டாது. கடைசியாக, நாயகிக்காகத் தோளில் ஒரு குண்டு. அவளைக் காப்பாற்றுவது அவனுக்கே வேண்டியதுதான், அதில் என்ன தியாகம்? அவளுக்குத் தெரியவே வராத இடத்தில், அவனுக்கு ஒரு லாபமும் இல்லாத நேரத்தில், பழையபடி மிரட்டிக் காரியம் சாதிக்க வாய்ப்பிருந்தும் விட்டானா என்று பாருங்கள். அப்படி ஒரு காட்சி வந்தால் நாங்களும் உங்கள் அம்மா கட்சிதான்.

2011–12இல் ஸ்டார் பிளஸில் ஓடி, தமிழில் ‘இது காதலா’ என்று டப்பிங்கில் வந்த கதை பலருக்கு நினைவிருக்கும். (கன்னடத்தில் டப்பிங்குக்குப் பல்லாண்டு எதிர்ப்பு இருந்ததால், இந்த ஊரில் இந்தி சீரியல்களைத் தமிழ் வழியாகப் பார்த்த வீடுகள் ஏராளம்.) நாயகி குஷிக்கும் தன் அக்கா புருஷனுக்கும் தொடர்பு என்று தப்பாக நினைத்த நாயகன் அர்னவ், அவள் அக்கா பாயலின் கல்யாணத்தை நிறுத்திவிடுவதாக மிரட்டி, ஆறு மாத ஒப்பந்தத்தில் அவளைக் கட்டிக்கொள்கிறான். ரசிகர்கள் இன்றும் சொல்லும் சமாதானம், “பாவம், அவன் தப்பாகப் புரிந்துகொண்டான்.” சரி, அவன் நினைத்தது உண்மையாகவே இருந்திருந்தால் அந்த மிரட்டல் நியாயமாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் உண்மை தெரிந்த பிறகு “உன்னைச் சந்தேகப்பட்டேன்” என்பது பாதிதான். “மிரட்டினேன்” என்ற மீதிப் பாதிக்கும் அவன் பதில் சொல்ல வேண்டும்.

நம் கோவலனைப் பாருங்கள். மாதவியின் ஓலையைப் படித்ததும் அவள் மேல் தீது இல்லை, ‘என் தீது’ என்று உணர்கிறான். அந்த ஓலையையே பெற்றோரிடம் கொடுக்கச் சொல்லி, அதைக் கொண்டுவந்த கோசிகனை அனுப்புகிறான். மதுரையில் கண்ணகியிடம், ‘இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன், சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்’ என்று பெற்றோருக்குச் செய்ததையும் அவளுக்குச் செய்ததையும் பிரித்துச் சொல்கிறான். அவளும் ‘பரவாயில்லை’ என்று மழுப்பவில்லை. ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். உங்கள் நோட்டில் மூன்றாவது கட்டம் நிரம்பினால் இப்படித்தான் இருக்கும்.

திருந்தாத வில்லனைத்தான் எனக்குப் பிடிக்கிறது. அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் திட்டுகிறார்கள். தப்பா?
– வாசகி, ராமமூர்த்தி நகர்

இல்லை. பிடிப்பது வேறு, வக்காலத்து வாங்குவது வேறு. சங்க இலக்கியத்தின் மருதப் பாட்டுகளில் பரத்தை வீட்டிலிருந்து திரும்பும் தலைவனைத் தோழி வாசலிலேயே நிறுத்துவாள். வாயில் மறுத்தல் என்று துறைக்குப் பெயரே உண்டு. தலைவன்மேல் அவளுக்குப் பகை கிடையாது, ஆனாலும் உடனே கதவைத் திறந்துவிட மாட்டாள். ரசிகைக்கு அந்த இடம் நன்றாகப் பொருந்தும். ஒன்றை மட்டும் தவிர்க்கலாம்: அவனுக்காகப் பரிந்து, நாயகியாக நடிக்கும் பெண்ணின் இன்ஸ்டாகிராமில் போய் வசைபாடுவது.

‘பஃபி த வேம்பயர் ஸ்லேயர்’ இப்போதுதான் பார்த்து முடித்தேன். ஸ்பைக் ஆன்மாவைத் தேடிப் பெற்ற பிறகு பழைய ஸ்பைக் செய்ததற்கு அவன் பொறுப்பா? ஏஞ்சலுக்கும் அதே நியாயம்தானே?
– வாசகர், இந்திராநகர்

(பார்க்காதவர்களுக்கு: பஃபி ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுபவள்; ஸ்பைக்கும் ஏஞ்சலும் அவள் வாழ்க்கையில் வந்த காட்டேரிகள்; அந்தக் கதையில் காட்டேரிக்கு ஆன்மா கிடையாது.) அதே நியாயமாக வைக்க முடியவில்லை. ஏஞ்சல்மேல் ஆன்மா சாபமாக விழுந்தது; அவன் கேட்டு வாங்கியதல்ல. ஸ்பைக் 2002இல், ஆறாவது சீசன் முடிவில், பஃபியைப் பலாத்காரம் செய்ய முயன்ற பிறகு, தானே ஆப்பிரிக்காவுக்குப் போய்ச் சோதனைகளைத் தாங்கி ஆன்மாவைப் பெறுகிறான். போனவன் ஆன்மா இல்லாதவன். அதனால்தான் ரசிகர்கள் இருபது வருஷத்துக்கு மேல் விவாதிக்கிறார்கள்: திருந்த வேண்டும் என்ற எண்ணம் அதற்கு முன்பே அவனுக்குள் இருந்திருக்கிறதே! அந்த எண்ணத்தை அவன் கணக்கில் வரவு வைத்தால், அதற்கு முன் செய்ததையும் அதே கணக்கில்தான் பற்று வைக்க வேண்டும். “அது வேறு ஆள்” என்ற வாதம் ஏஞ்சலுக்கு ஓரளவு ஓடும், ஸ்பைக்குக்கு ஓடாது.

காதலியை விட்டுவிட்டு மற்றவர்களைப் பாருங்கள். இரண்டாவது சீசனில் ஆன்மா இழந்த ஏஞ்சல், ஜென்னி காலண்டரைக் கொன்று, அவளை நேசித்தவரும் பஃபியின் வழிகாட்டியுமான ஜைல்ஸின் கட்டிலிலேயே கிடத்திவிடுகிறான். பிறகு ஜைல்ஸையும் சித்திரவதை செய்கிறான். மூன்றாவது சீசனில் அவன் திரும்பி வந்ததைப் பஃபி மறைத்தது தெரிந்ததும், ஜைல்ஸ் அவளிடம் தான் பட்டதை நினைவுபடுத்துவார். பஃபியின் மன்னிப்பு அவர் கணக்கைத் தொடவில்லை.

ஸ்பைக்குக்கு இந்தச் சோதனை அவன் போட்டிருக்கும் கோட்டில் இருக்கிறது. அந்தக் கறுப்புத் தோல் கோட்டு, ரசிகர்கள் எடிட் போட்டுக் கொண்டாடுவது, 1977இல் நியூயார்க் சுரங்க ரயிலில் அவன் கொன்ற நிக்கி வுட் என்ற பெண்ணுடையது. ஏழாவது சீசனில் அவள் மகன் ராபின் அவனைக் கொல்லப் பார்க்கிறான். ஸ்பைக் அவனை உயிரோடு விடுகிறான், ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை, கோட்டையும் கழற்றிக் கொடுக்கவில்லை. 2003இல் கடைசி எபிசோடில் உலகத்தைக் காப்பாற்றி எரிந்துபோகிறானே என்பீர்கள். எரிந்தது உலகத்துக்காக, ராபினுக்கு வர வேண்டிய ஒரு வார்த்தை வரவே இல்லை. எழுத்தாளர்கள் தெரிந்தே விட்ட ஓட்டை என்றுதான் படுகிறது. கதைக்கு அது நல்லதும்கூட.

சாயங்காலம் ஏழு மணிக்குக் குழந்தைகள் உட்கார்ந்திருக்கும்போது, கடத்திக் கட்டாயத் தாலி கட்டுவதைக் காதல் பாட்டோடு காட்டுகிறார்கள். யாரிடம் புகார் செய்வது? அந்தக் கல்யாணம் செல்லுமா?
– வாசகர், ஸ்ரீராம்புரம்

முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 2021 ஜூனில் திருத்தப்பட்ட கேபிள் டிவி விதிகளின்படி, புகார் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் அதைப் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும். 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பல பொழுதுபோக்குச் சேனல்களுக்கு அது பிசிசிசி என்ற புகார்க் குழு. அங்கே 60 நாள். அதற்கும் மேலே மத்திய அரசு.

புகார்கள் வீணாவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: “இந்த சீரியல் சமுதாயத்தைக் கெடுக்கிறது” என்று எழுதுவது. தேதி, மணி, எபிசோடு எண், காட்சி, பின்னால் ஓடிய பாட்டு, எது ஆட்சேபம் என்று இரண்டே வரி. கடத்தலைக் காட்டியது ஆட்சேபமில்லை, அதைக் காதலாகக் கொண்டாடியதுதான் ஆட்சேபம் என்று பிரித்து எழுதுங்கள்.

சட்டம்: கட்டாயக் கல்யாணத்துக்காகப் பெண்ணைக் கடத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 87ஆம் பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. கல்யாணத்தைப் பொறுத்தவரை, பலவந்தத்தால் பெற்ற சம்மதம் என்றால் இந்து திருமணச் சட்டம் 12ஆம் பிரிவில் ரத்து செய்யக் கேட்கலாம். பலவந்தம் நின்ற ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அதன்பின் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் முடியாது. சீரியல் நாயகிகள் “கழுத்துல ஏறிடுச்சு, இனி என்ன” என்று அழும்போது வீட்டிலுள்ள பெண் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வருஷக் கணக்கைச் சொல்லிவையுங்கள்.

பிரதிலிபி கதைத் தளத்தில் 60 பாகத்தில் ஆன்டி-ஹீரோ கதை எழுதுகிறேன். 20ஆம் பாகத்திலேயே “சேர்த்து வைங்க சிஸ்” என்று கமென்ட் குவிகிறது. திருத்துவதை எங்கே, எப்படி வைப்பது?
– எழுத்தாளர், கே.ஆர்.புரம்

கமென்டுக்குப் பயந்து முன்னால் இழுக்காதீர்கள். குற்றம் 5 முதல் 8ஆம் பாகத்துக்குள் முடிந்தால், அவனுக்கு உறைப்பது 25க்கு முன் வேண்டாம். ஒப்புதல் 30இல். அதிலிருந்து 45 வரை விளைவுகள்: வேலை, வீடு, நட்பு என்று எதையாவது அவன் இழக்க வேண்டும், அழுதால் திரும்பக் கிடைக்காதபடி. அந்தப் பதினைந்து பாகமும் நாயகிக்கு அவனில்லாத ஒரு வாழ்க்கை ஓடட்டும். பிஎம்டிசி பஸ், ஆபீஸ், தோழி, சம்பளம். 48 வாக்கில் பழைய சூழ்நிலையையே திரும்பக் கொடுத்து அவன் என்ன செய்கிறான் என்று காட்டுங்கள். முடிவை அவள் 55க்கு மேல் எடுக்கட்டும்.

பொதுவாகச் சொதப்புவது அளவில். அவன் புலம்பலுக்கு ஒரு பாகம் கொடுத்தால், பாதிக்கப்பட்டவர்கள் கண் வழியாக இரண்டு பாகம் எழுதுங்கள். இல்லாவிட்டால் வாசகிகள் அவன் கண்ணீரோடே போய்விடுவார்கள். 20ஆம் பாகத்தில் வரும் கமென்ட் அதற்கு அறிகுறி.

அடுத்தது வினைச்சொல். தமிழில் தப்பிக்க எளிய வழி “நடந்துபோச்சு”. செய்தவனே இல்லாத வாக்கியம் அது. “கோபத்துல பேசிட்டேன்” என்பதில் கோபம் முன்னால் நின்றுகொள்கிறது. “உன்னைக் காயப்படுத்தியிருந்தா ஸாரி” என்பதில் அந்த ‘இருந்தா’ எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறது. கோவலனின் ‘செய்தேன்’ மாதிரி ‘நான்’ போட்டு எழுதுங்கள்:

“உன் போனைப் பிடுங்கி வச்சது நான். உனக்கு வர இஷ்டமில்லன்னு உங்க அக்காகிட்ட பொய் சொன்னதும் நான். நேத்து அவங்க வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். அவங்க கதவைச் சாத்திட்டாங்க.”

இதில் ‘மன்னிச்சிடு’ இல்லை, கவனித்தீர்களா? கேட்டால் அவள் பதில் சொல்லியாக வேண்டும். அந்தப் பாரமும் அவள் தலையில் விழும். நாயகி இதற்கு உடனே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த பாகத்தை அவள் அக்காவுக்குப் போன் போடுவதில் ஆரம்பியுங்கள்.